பயற்றில் கலந்த பாஷாணம்

ரப்பர் விலை விழுந்து பலர் வேலையிழந்த வருடம், நான் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவி. தாவரவியல் ஆய்வுகூடத்தில் நான் முளைக்கவைத்த பயறு தினமும் குறைந்துகொண்டே வந்தது. எலியின் வேலை என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

"உன்ர எலி எங்களுக்கு முன்னமே சோதனை பாஸ் பண்ணும்," என்று சிரித்தாள் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் தோழி பிலோமினா.

அன்று மாலை யாரிடமும் சொல்லாமல் பயற்றில் எலிப்பாஷாணம் கலந்தேன். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது, பிலோமினா ஒரு பிடி பயற்றை வாயருகே கொண்டுபோயிருந்தாள். பாய்ந்து தட்டிவிட்டேன்.

"விழுங்கினியா?"

"இல்லையடி. கோவிக்காதை. அப்பாவுக்கு வேலை போயிட்டுது. வீட்டில சாப்பிட இருக்கிற பாண் தம்பிமாருக்கு மட்டும்தான்," என்று அழுதாள்.

நான் கோபத்தில் தட்டிவிட்டதாகவே அவள் நினைத்தாள். அன்றிலிருந்து வெள்ளவத்தையிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து இருவருக்கும் சாப்பாடு கட்டிப்போனேன். அவள் ஒவ்வொரு நாளும் நன்றி சொன்னாள். பாஷாணத்தைப் பற்றி நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.