கேமராவின் கீழே நின்றவர்

லெட்சுமி சிஸ்டர் இறந்த செய்தி எனக்கு இரண்டு பகுதிகளாக வந்தது. அஜ்மானிலிருந்து ஷார்ஜாவுக்குக் காலை நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது எங்கள் மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் அழைத்தார். "சார், லெட்சுமி சிஸ்டர் இறந்துட்டாங்க. டியூட்டிக்குக் கிளம்பும்போது ரூம்லயே விழுந்திருக்காங்க" என்றார். நான் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார்: "மறுபடியும் ஊசி போட்டுக்கிட்டாங்களோன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க." முதல் பகுதிக்கு என்னிடம் கண்ணீர் மட்டுமே இருந்தது. இரண்டாவதற்குப் பதில் இருக்கிறது; அதற்காகவே எழுதுகிறேன்.

பின்னர் வந்த மருத்துவ அறிக்கை, மாரடைப்பு என்றது. உடலில் எந்தப் போதை மருந்தும் இல்லை என்றது. ஊகத்தை அன்று காலையிலேயே சுற்றுக்கு விட்ட வாட்ஸ்அப் குழுவில் இந்த முடிவை ஒருவரும் பகிரவில்லை. அவருடைய கணவரின் சம்மதத்தைப் பெற்று நான் பகிர்ந்தேன். கூப்பிய கைகளின் படங்கள் சில வந்தன. மன்னிப்பு வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்பாசமுத்திரத்துப் பெண். எங்கள் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியர். கனத்த நோயாளி ஒருவரைக் கட்டில் மாற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டது. வலிக்காகப் போட்ட ஊசி, வலி தீர்ந்த பிறகும் அவருக்குத் தேவைப்பட்டது. நோயாளிகளுக்குச் செலுத்தியது போக மிஞ்சியதைக் கொட்டாமல் எடுத்துக்கொண்டார். அது குற்றம்; நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். யாரும் கண்டுபிடிப்பதற்கு முன் அவரே வந்து ஒப்புக்கொண்டார் என்பதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். இதையெல்லாம் வெளியே சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தயங்கினேன். ஆனால், சிகிச்சை முடிந்து திரும்பிய நாளில் அவரே வார்டில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "நான் ஊசிக்கு அடிமையாக் கெடந்தவ. மறைச்சதுலதான எல்லாம் கெட்டுச்சு. இனி மறைக்கதுக்கு ஒண்ணுமில்ல."

அவருடைய வழக்கை விசாரித்த மருத்துவக் குழு அவரை நிபந்தனைகளோடு வேலைக்கு அனுமதித்திருந்தது. போதை தரக்கூடிய கட்டுப்பாட்டு மருந்துகள் இருக்கும் அலமாரியின் சாவியை வைத்திருக்கக் கூடாது. இரவுப் பணி கூடாது. எப்போது அழைத்தாலும் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வர வேண்டும். மருத்துவமனைக்குள்ளேயே ஒருவர் கண்காணித்து அறிக்கை தர வேண்டும். மருந்தகப் பொறுப்பாளன் என்பதாலும், விதியைத் தளர்த்தாதவன் என்று எனக்கொரு கெட்ட பெயர் இருந்ததாலும், என்னை நியமித்தார்கள். அவர் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்: "சார், எனக்காவ எதையும் வளைச்சிராதீய. வளைச்சா எனக்குத்தான் கேடு."

நான் வளைக்கவில்லை. அவரோ விதி கேட்டதற்கு மேலும் செய்தார். அலமாரியை யாராவது திறக்கப் போனால், கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு வெளியேறி, நடைபாதைக் கேமராவுக்கு நேர் கீழே, கைகளை முன்னால் கோத்தபடி நிற்பார். திறந்தவர் பூட்டிய பிறகே உள்ளே வருவார். அந்த வழியே போகிற வார்டு ஊழியர் ஒருவர், "என்ன சிஸ்டர், போட்டோவா? கொஞ்சம் சிரிங்க!" என்று சீண்டுவார். "மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும், நல்லா எடுக்கச் சொல்லும்" என்பார் இவர், இரு பிள்ளைகளின் தாய். இது நிபந்தனையில் இல்லையே என்று நான் ஒரு நாள் சொன்னேன்.

"தெரியும் சார். நாளைக்கு ஒண்ணு காணாமப் போச்சுன்னா, நான் இங்கன நின்னேன்னு அது சொல்லும்லா? மனுசங்க சொல்ல மாட்டாவ."

காணாமல் போகத்தான் செய்தது. ரமலான் மாதம்; நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டிப் பணி மாறும்போது அலமாரியில் ஒரு ஆம்பியூல், ஊசி மருந்துக் குப்பி, குறைந்தது. சாவி வைத்திருந்தவர்களை முதலில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. அழைக்கப்பட்டவரோ லெட்சுமி சிஸ்டர் மட்டும். நான் ஆட்சேபித்தேன். "ஒரு சேஃப்டிக்குத்தான் சார். அவங்க ஹிஸ்டரி உங்களுக்கே தெரியுமே" என்றார் நர்சிங் தலைவி. அந்தப் பிரிவிலேயே அந்த அலமாரியைத் தொட முடியாத ஒரே ஆள் இவர்தான் என்றேன். "புரியுது சார்" என்று சொல்லிக்கொண்டே சிறுநீர்க் கோப்பையை நீட்டினார்.

லெட்சுமி சிஸ்டர் வாங்கிக்கொண்டார். "நான் போயிட்டு வாரேன் மேடம். அதுக்குள்ள சாவி வச்சிருந்தவங்களுக்கும் ஆளுக்கொரு கப் எடுத்து வைங்க. வரிசையாப் போவோம்."

வேறு எவரும் போகவில்லை. அவருடைய முடிவு வருவதற்கு முன்பே ஆம்பியூல் வந்துவிட்டது: ஆம்புலன்சில் நோயாளியோடு போன மருத்துவர் ஒருவர், சாவி வைத்திருந்த ஒருவரிடம் அவசரமாக வாங்கி, பதிவேட்டில் எழுதாமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். "கலாஸ், முடிஞ்சுது, கெடச்சிருச்சு" என்று எல்லோரும் பேரீச்சம்பழத்துக்குத் திரும்பினார்கள். அந்த மருத்துவரிடம் யாரும் கோப்பையை நீட்டவில்லை. அத்தனை காலம் லெட்சுமி சிஸ்டர் கீழே நின்ற கேமராவின் பதிவை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை.

கண்காணிப்புக் காலம் முடிந்தது. ஒரு பரிசோதனைகூடத் தவறவில்லை. மருத்துவக் குழு எல்லா நிபந்தனைகளையும் நீக்கியது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பணி மாறும்போது மற்றவர்களுக்குக் கொடுப்பதுபோல் தன் கையிலும் சாவியைக் கொடுக்க வேண்டும். சாவி யாருக்கென்று முடிவு செய்யும் நர்சிங் பிரிவினர், ஈத் முடியட்டும் என்றார்கள். ஈத் முடிந்ததும் ஆட்கள் விடுமுறையிலிருந்து திரும்பட்டும் என்றார்கள். அவர்களும் திரும்பினார்கள். நான் மறுபடியும் மறுபடியும் எழுதிக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் மிகப் பணிவான பதில் வந்தது. மருத்துவக் குழு முடித்துவைத்த தண்டனையை நீட்டிக்க ஒரு வார்டுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

"விடுங்க சார், உங்களுக்கு பி.பி. ஏறிரும்" என்றார் லெட்சுமி சிஸ்டர். பிறகு சொன்னார்: "சாவி என்ன, ஒரு வெரல் நீளம். ஆனா அது கைக்கு வந்தாத்தான் நான் நர்ஸு. இப்ப யூனிஃபார்ம் போட்ட நோயாளிதான."

சாவி கைக்கு வராமலே இறந்தார்.

மருத்துவமனையின் அஞ்சலிக் கூட்டத்தில், "அவங்க எங்க குடும்பத்துல ஒருத்தர்" என்றார் நர்சிங் தலைவி. குடும்பத்தில் ஒருவருக்கு அலமாரிச் சாவியைத் தர மாட்டீர்களா என்று கேட்க எழுந்தேன். திரையில், வீடியோ அழைப்பில், அம்பாசமுத்திரத்திலிருந்து அவருடைய கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்துவிட்டேன். அங்கே கேட்காததை இங்கே கேட்டுவிட்டேன்.

லெட்சுமி சிஸ்டரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, நடைபாதைத் தரையில் அந்த ஓரிடம். கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு விதி வகுக்கும் பொறுப்பு என்னுடையது, ஆகவே வகுத்தேன். சாவியை வாங்குபவரும் கொடுப்பவரும், நான் உட்பட, இனி அந்தக் கேமராவின் கீழே நின்றுதான் கைமாற்ற வேண்டும். முதல் நாளே ஒரு செவிலியர் முகம் சிவந்து கேட்டார்: "என்ன சார், எங்களையெல்லாம் திருடங்கன்னு நெனைக்கிறீங்களா?"

அவர் கோபம் நியாயமானது. லெட்சுமி சிஸ்டர் இங்கே நின்ற காலத்தில் இந்தக் கோபம் யாருக்கும் வரவில்லை என்று மட்டும் சொல்லி, அவரும் நிற்கும்படி சற்று நகர்ந்து கொடுத்தேன்.