முப்பத்தோரு கையெழுத்து

தானியக் கிடங்கில் பூச்சிக்கு மருந்து வைக்க வருபவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'எதைநம்பி'. யார் என்ன சொன்னாலும் "எதை நம்பிச் சொல்றீங்க?" என்பார். மழை வரும் என்றாலும் கேட்பார், மாப்பிள்ளை நல்லவன் என்றாலும் கேட்பார். இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று நானே எத்தனையோ முறை ஏசியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் நாலு மணி. மூட்டை தைக்கும் பெண்களில் பாதிப் பேர் பஸ்ஸுக்கு ஓடியாயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு மீதிப் பேரோடு நானும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். மருந்தை வைத்துக் கதவிடுக்கை நாடாவால் ஒட்டிவிட்டால் கிளம்பும் விஷவாயுவில் உள்ளே ஒரு எலிகூடப் பிழைக்காது. மேஸ்திரி மருந்துக்காரரிடம் வருகை நோட்டை நீட்டினார்.

"காலைல வந்தது முப்பத்தோரு பேரு. போகும்போது விழுந்ததும் முப்பத்தோரு கையெழுத்து. உள்ள ஈ காக்கா கிடையாது. வைங்க மருந்தை."

"அவங்கவங்க கையெழுத்தை அவங்கவங்கதான் போட்டாங்களா?"

"பின்ன, பேயா வந்து போடும்?" மேஸ்திரி சிரித்தார்.

பஸ் பிடிக்கிற அவசரத்தில் ஒருத்திக்கு இன்னொருத்தி கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். அன்று, என்னோடு மூட்டை தைக்கும் என் அண்ணிக்கும் நான்தான் போட்டிருந்தேன். மத்தியானமே தலைவலி என்றவள், "எனக்கும் சேத்துப் போட்டுடுடி" என்றாள். முன்னாலேயே கிளம்பியிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவள் போனதை நான் பார்க்கவில்லை.

சொன்னால் இருவருக்கும் வேலை போகும். நான் வாயைத் திறக்கவில்லை. அதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மருந்துக்காரர் முதல் டப்பாவின் மூடியில் கை வைத்தார்.

"நிறுத்துங்கண்ணே!" என்று கத்திவிட்டேன். "அண்ணிக்கு நான்தான் போட்டேன்!"

அவர் உள்ளே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கடைசி அடுக்குக்குப் பின்னால், கிழிந்த சாக்கின்மேல் அண்ணி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உலுக்கினேன்.

"என்னடி, பஸ்ஸு வந்துடுச்சா?" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். மருந்துக்காரர் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"காலைல எம்பொண்ணு, காலேஜுக்கு வராத சிநேகிதிக்கும் தானே அட்டெண்டன்ஸ் குடுத்ததா சொல்லிச் சிரிச்சா. அதான் இன்னிக்குக் கேட்டேன்" என்றார். "பதினோரு வருஷமா அந்த நோட்டை மட்டும் பாத்துத்தாம்மா கதவை ஒட்டிக்கிட்டு இருந்தேன்."