அரிசியும் கடுகும் பார்த்து வாங்கிய கல்

என் வீட்டுக்காரருக்கு எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். சட்டைக்கேற்ற கைக்குட்டை, கைக்குட்டைக்கேற்ற செருப்பு. அப்படிப்பட்டவரிடம் விழுப்புரத்திலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கும் பொறுப்பு போனால் என்ன ஆகும்? திண்டிவனத்தில் ஒரு கடையைப் பிடித்து, தரைக்குச் சந்தன நிற டைல்ஸ், கப்போர்டுக்குச் சந்தன நிற மைக்கா, சமையல் மேடைக்கும் சந்தன நிறக் கல் என்று முடிவு செய்துவிட்டார். மூன்றிலும் ஒவ்வொரு துண்டு கொண்டுவந்து சேர்த்து வைத்து, "எப்படி இருக்குது, பாரு" என்றார்.

பார்த்தேன். ஒரே மஞ்சள் மூட்டமாக இருந்தது. எது கல், எது மைக்கா என்று தெரியவில்லை. "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றேன்.

சர்க்கரை வியாதி என் கண்ணில் கை வைத்திருந்தது. லேசர் செய்த பிறகும், நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் எனக்கு ஓரம் தெரியாது. கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதே இவர் சொல்லிவிட்டார்: "இன்னும் கொஞ்சம் மங்கிச்சின்னா நீ அடுப்பாண்ட போவக் கூடாது. சமைக்க ஆள் வெச்சிக்கலாம்." அன்றிலிருந்து யார் கேட்டாலும் நன்றாகத் தெரிகிறது என்றே சொல்லி வந்தேன். வேறு எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன், அடுப்பை மாட்டேன். இத்தனை வருஷத்தில் யாரையும் கேட்காமல் நான் முடிவெடுக்கிற இடம் அது ஒன்றுதான்.

தரை போட்டாயிற்று. கப்போர்டுச் சட்டங்களும் நின்றன. மேடைக் கல்லை அளவு பார்ப்பதற்காக மேலே சும்மா வைத்திருந்தார்கள். வானூரிலிருந்து வேலைக்கு வந்த கொத்தனாருக்கு, ஒரு கையில் முறுக்குத் தட்டும் மறு கையில் டீயுமாகப் போய், டீயை மேடையில் வைத்தேன். மேடை என்று நான் நினைத்த இடத்தில் வைத்தேன் என்பதுதான் சரி. டம்ளர் நேராகத் தரைக்குப் போய்ச் சேர்ந்தது. நல்லவேளை, வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார்.

கொத்தனார் சாக்கால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாலு நாளா பாக்கறேம்மா. எது வெச்சாலும் எடது கையால ஓரத்தத் தடவிக்கினுதான் வெக்கிறீங்க. இன்னிக்கு அந்தக் கையில தட்டு இருந்துச்சி. ஓரம் தெரியலையா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க வேலையப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் கல்ல ஒட்டிட்டா அப்பறம் பேத்து எடுக்க முடியாதும்மா" என்றார். "கறை புடிக்கும்னு சார்கிட்ட சொல்லிப் பாக்கறேன். கேக்க மாட்டாரு. நீங்க சொன்னாதான் ஆவும்." அன்று மேடையைத் தொடாமல், சுவர் வேலையை எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் சாதம் போடும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிசைந்த கை அப்படியே நின்றது. ஆள் வைப்பது பற்றி ஆரம்பிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ கை கழுவிவிட்டு உள்ளே போய், ஒரு பொட்டலத்தில் அரிசியும் இன்னொன்றில் கடுகும் கட்டிக்கொண்டு வந்தார். "கெளம்பு" என்றார்.

திண்டிவனம் கடையில் ஒவ்வொரு கல்லின் மேலும் கொஞ்சம் அரிசி, கொஞ்சம் கடுகு. "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போனார். "சார், மளிகைக் கடை எதிர்லங்க" என்றார் கடைக்காரர். சந்தனக் கல்லில் கடுகு தெரிந்தது, அரிசி காணாமல் போனது. கறுப்பில் அரிசி பளிச்சென்று தெரிந்தது, கடுகு தொலைந்தது. கடைசியில் மேடைக்குக் கறுப்பு, அதில் அடுப்புக்கு வலப்பக்கம் மட்டும் சந்தனத்தில் ஒரு துண்டு என்று முடிவானது. கப்போர்டுக்குக் காப்பித்தூள் நிறம். தரை இருந்தபடியே இருந்தது.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள், "கல்லு பத்தலையா?" என்று கேட்கிறார்கள். கைக்குட்டைக்குச் செருப்பு தேடுகிற அந்த மனிதர், "ஆமா, பத்தல" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறார். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். கொத்தனாரிடம் சிடுசிடுத்ததை நினைத்தால்தான் இன்றும் கூச்சமாக இருக்கிறது. வேலை முடித்துக் கிளம்பும்போது, உங்களால்தான் என் அடுப்பு என்னிடம் இருக்கிறது என்று அவரிடம் மனசாரச் சொன்னேன்.

புது மேடையில் முதல் நாள் பால் காய்ச்சினேன். வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்றார்.

"இவ்ளோ நாளா எங்கிட்ட மறைச்சிக்கினு இருந்தியே. நான் அவ்ளோ மோசமானவனா?"

"மோசமானவரா இருந்தா சண்ட போட்டிருப்பேங்க. என் நல்லதுக்குன்னு சொல்லிப் புடுங்கிக்கினா, உங்ககிட்ட எப்படிச் சண்ட போடறது?"

பால் பொங்கி வந்தது. எட்டி அடுப்பை அணைக்க அவர் கை பரபரத்ததைப் பார்த்தேன். ஆனால் நிலைப்படியைத் தாண்டவில்லை.