ஒன்றரை மடங்கு தள்ளி

பத்தாவது டைலில் ஸ்டூடியோ அறை முடிந்துவிடும், போட்டோ எடுக்கும் டுஃபியே நிற்கமாட்டாள். கண்ணிலிருந்து கேமராவை எடுக்காமல், பின்பக்கமாகவே படியிறங்கி, பதினொன்று, பன்னிரண்டு என்று முணுமுணுத்தபடி சாக்கடை விளிம்பில் போய்த்தான் நிற்பாள். கானாவின் குமாசி நகரத்து அந்தச் சந்தில் டாக்சிக்காரர்கள் அவள் முதுகைக் கண்டாலே வேகத்தைக் குறைக்கிறார்கள். உள்ளே, நீல வானம் தீட்டிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் குடும்பமோ அவள் விழுந்துவிடுவாளோ என்று பார்க்கும். அதனால் அவள் எடுக்கும் படங்களில் எல்லோருக்கும் புருவம் லேசாக உயர்ந்திருக்கும்.

அகலமான, ஆழமில்லாத கடை. முன்பக்கம் முழுக்க மடிப்புக் கதவு. தரையில் ஓரடி டைல்கள். ஃபிலிம் கேமரா இருந்தவரை எட்டு டைல் போதுமாக இருந்தது. டிஜிட்டல் கேமரா வாங்கியபோது பழைய ஐம்பது எம்.எம். லென்ஸையே அதில் மாட்டிக்கொண்டாள். முதல் வேலை, எதிர்க்கடைத் தையல்காரர் ஜியாமெராவின் மகள் கல்யாணம். சர்ச்சில் வழக்கமான தூரத்தில் இடம் பிடித்து நின்ற பிறகுதான் கவனித்தாள்: மணமக்களுக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பின்னால் நகர வழியில்லாமல் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. ஜியாமெரா மூன்று வாரம் உட்கார்ந்து கையால் பூவேலை செய்த கவுனின் கீழோரம் ஒரு படத்திலும் வரவில்லை. கேமரா கோளாறு என்று சொல்லிப் பார்த்தாள். அவர் அவளோடு பேசி நான்கு வருடமாகிறது.

அந்த வாரமே இரண்டு கேமராக்களையும் ஒரே ஸ்டூலில் மாற்றி மாற்றி வைத்து, அதே லென்ஸை மாட்டி, சுவரில் தெரிந்த எல்லையைச் சாக்பீஸால் குறித்தாள். பழையது மூன்று முழம் காட்டிய இடத்தில் புதியது இரண்டு முழம்தான் காட்டியது. லென்ஸ் மாறவில்லை. உள்ளே படம் விழும் சென்சார் சில்லுதான் ஃபிலிமைவிடச் சிறியது. ஓரத்தை விட்டுவிட்டு நடுவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஐம்பது எம்.எம். லென்ஸ் எழுபத்தைந்து போல நடந்துகொள்கிறது. ஆகவே எட்டு டைல் பன்னிரண்டாக வேண்டும். கண்டுபிடித்ததை மீன்காரிக்குக்கூட விளக்கினாள். எதிர்க்கடையில் மட்டும் சொல்லவில்லை.

"முப்பத்தஞ்சு லென்ஸ் வாங்கினா உள்ளயே நிக்கலாம்னு எனக்கும் தெரியும். அது வர்ற வரைக்கும் காலு இருக்கே" என்பாள்.

ஒருமுறை இரவல் வாங்கிய பதினெட்டு எம்.எம். லென்ஸை மாட்டிக் கிட்டப் போய் எடுத்ததில் ஒரு பாதிரியாரின் மூக்கு கத்தரிக்காயாய்ப் புடைத்தது. அவர் லென்ஸைக் குறை சொன்னார். டுஃபியே அதே லென்ஸோடு தள்ளி நின்று இன்னொன்று எடுத்து, நடுவை மட்டும் வெட்டிக் காட்டினாள். மூக்கு அடங்கியிருந்தது. "லென்ஸ் மூக்க வளக்காது ஃபாதர். நாமதான் கிட்டப் போயிடுறோம்."

போன சனிக்கிழமை ஒரு சாவுச் சடங்கு முடிந்து, கறுப்பும் சிவப்புமான துக்கத் துணியில் பதினாறு பேர் வந்தார்கள். ஆறு வருடத்துக்குப் பிறகு ஒன்றுசேர்ந்த உடன்பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். மூன்று மணிக்குப் பாதிப் பேருக்கு வடக்கே தமாலே ஊருக்குப் பஸ்.

"காலோட எடு அக்கா. அடுத்து ஒண்ணு சேர்றது யார் சாவுக்கோ" என்றாள் அவர்களில் மூத்தவளான போவாட்டெமா.

பழைய கேமராவாக இருந்தால் பதினெட்டு அடி. சந்தின் நடுவிலேயே முடிந்திருக்கும். இதில் இருபத்தேழு. டுஃபியே சாக்கடையைத் தாண்டி, சந்தைத் தாண்டி, எதிர்ச் சாக்கடைப் பலகையையும் தாண்டினாள். இருபத்தாறாவது அடியில் ஜியாமெராவின் வாசல்.

திரும்பாமலே நின்றாள். உள்ளே தையல் மிஷின் சத்தம் ஓய்ந்தது.

"காலு வருமா?" என்றார் அவர்.

"இன்னும் ஓரடி தள்ளினா வரும் மாஸ்டர்." பிறகு கேமராவுக்குள்ளேயே பார்த்தபடி சொன்னாள்: "அன்னைக்குக் கேமரா கோளாறு இல்ல. எவ்வளவு தள்ளி நிக்கணும்னு எனக்குத்தான் தெரியல."

அவள் குதிகால் வாசலுக்குள் வந்தது. பின்னால் துணி வெட்டும் மேசை. தகடு அடித்த அதன் முனை நேராக அவள் இடுப்புக்கு. ஜியாமெரா எழுந்து வந்து அந்த முனையை உள்ளங்கையால் மூடினார். டுஃபியே அந்தக் கையில் சாய்ந்து நின்று, ஒரு டாக்சி கடக்கும்வரை பொறுத்திருந்து, பொத்தானை அழுத்தினாள்.