ஓமனாவின் கிழங்குக் கடையும் ஆதிமனிதன் பல்லும்

வட்டக்கோட்டைக்குப் போகிற சாலையில் ஓமனாவின் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. அவித்த மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, மீன்கறி, காந்தாரி மிளகாய்த் துவையல். விலங்கியலில் முதுகலை படித்தவள். வேலை கிடைக்கும்வரை என்று வைத்த கடை, கடைசியில் அதுவே வேலையாகிவிட்டது. பக்கத்தில் சங்குமாலை விற்கிற எனக்கு அவளோடு ஆயிரம் சண்டை உண்டு, வாய் அதிகம் அவளுக்கு. ஆனால் இந்த விஷயத்தில் நான் அவள் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் கணவன் ரதீஷ் பல வருஷம் கல்ஃபில் இருந்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பினான். அங்கே ஜிம்மில் பிடித்த பித்து ஒன்றும் கூடவே வந்தது. ஆதிமனிதன் இறைச்சி மட்டுமே தின்றானாம், மாவுப்பண்டம் தொட்டதே இல்லையாம். அதனால் கிழங்குக் கடையை மூடிவிட்டு, அதே இடத்தில் ‘ஆதிமனிதன்’ என்ற பெயரில் சுட்ட கறி ஹோட்டல் திறக்க வேண்டும். பெயர்ப்பலகைக்குச் சொல்லியும் ஆயிற்று. ஓமனாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

அவள் முடியாது என்றாள். ரதீஷ் தன் அண்ணன் வைகுண்டராஜனைக் கூட்டி வந்தான். கடையில் வைத்தே பேச்சு நடந்தது.

“ஏட்டி, பழைய மிருக எலும்புல கல்லாயுதம் வெட்டின தடம் இருக்குன்னு நீயும் படிச்சிருக்கேல்லா?” என்றான் ரதீஷ்.

“இருக்கு. கறி தின்னான், நான் இல்லன்னு சொல்லல்ல. பல்லையும் பாக்கணும்லா? அவன் பல்லுல படிஞ்ச காரை கல்லா இறுகிக் கெடக்கு. அதுக்குள்ள செடியில உள்ள மாவுத்துகள் மாட்டியிருக்கு. மைக்ரோஸ்கோப்புல பாத்திருக்காங்க.”

“அப்போ மரச்சீனி தின்னானா?” வைகுண்டராஜன் சிரித்தார்.

“மரச்சீனி நம்ம ஊருக்கு நேத்து மாதிரி, வெள்ளைக்காரன் கப்பல்ல வந்தது அண்ணாச்சி. அவன் தின்னது வேற கிழங்கு, வேற விதை.”

“பின்னே தோண்டின எடமெல்லாம் எலும்பாத்தானே கெடைக்கு?” என்றான் ரதீஷ்.

“எலும்பு கெடக்கும். கிழங்கு மக்கிப் போவும்.”

வைகுண்டராஜனுக்கு அலுத்துவிட்டது. “அதெல்லாம் போட்டும் மக்கா. ரதீஷ் சம்பாதிச்சதுல வீடு நிக்கு. இந்தக் கடையில நீ என்னத்த மிச்சம் பிடிச்ச?”

அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஓமனா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“வீடு நிக்கு, எல்லாருக்கும் தெரியுது. நான் அவிச்சதெல்லாம் தின்னாச்சு. பிள்ளையள் தின்னுதான் வளந்துது. உங்க அம்மைக்கு மருந்தும் இதுலதான் வந்துது. மிச்சம் ஒண்ணும் கெடக்கல்ல. கெடக்காததெல்லாம் இல்லாததுன்னு ஆவுமா அண்ணாச்சி?”

ரதீஷ் தரையைப் பார்த்தான். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

“கறிக்கடை வேணும்னா வேற எடம் பாருங்க. இந்த அடுப்பை நான் அணைக்க மாட்டேன்” என்றாள்.

மறுநாள் காலையிலும் கிழங்கு வெந்தது. ரதீஷ் வந்து பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தான். ஓமனா இலை போட்டு, கிழங்கை வைத்து, மீன்கறியை ஊற்றினாள்.

“தின்னுங்க. பொறவு தின்னல்லன்னு மட்டும் சொல்லாதீங்க.”