வாழ்க என்ற வரி வரும்போது

ஆர்ப்பாட்டங்களில் ரேணுகாதேவிக்கு ஒரு பழக்கம் உண்டு. 'ஒழிக' என்று முடியும் கோஷங்களை அவளே போடுவாள். 'வாழ்க' என்று முடியும் வரி வந்தால் மைக்கை என் கையில் கொடுத்துவிடுவாள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு முன்னாலும் பந்தல்குடி ரோட்டிலும் பல வருஷமாக இதைப் பார்த்திருக்கிறேன். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இதெல்லாம் பொறாமைக்காரியின் கண்ணில்தான் படும்.

எங்கள் தொழிலாளர் சங்கத்துக்குக் கோஷங்களை எழுதுவது நான். எங்கள் தறிக்காரக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வீட்டில் கன்னடம் பேசுகிறவள் என்பதால் தமிழில் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் பார்த்துத்தான் எழுதுவேன். ரேணுகாதேவி நரிக்குடிப் பக்கம் ஆடு வளர்ப்பவரின் மகள். பிளஸ் டூவோடு நூல் மில்லுக்கு வந்தவள். மெஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. ஒரு பொங்கலுக்கு ஹாஸ்டல் பெண்களை ஊருக்கு விடாமல் மில்லுக்குள் நிறுத்தியபோது, கேட்டில் ஏறி நின்று அவள் போட்ட சத்தத்தில் கேட் திறந்தது. அதிலிருந்து சங்கத்தில் மைக் அவளுடையது. நான் எழுதிய வரி அவள் வாய்க்குள் போனதும் அவளுடையதாகிவிடும்.

ஈரான் மேல் அமெரிக்கா குண்டு போட்ட வாரம் சங்க ஆபீஸில் கூட்டம் நடந்தது. மறுநாள் ஆர்ப்பாட்டம். செயலாளர் வீரபாண்டி கடைசிக் கோஷத்தை அவரே சொல்லி என்னை எழுதச் சொன்னார்: 'எதிர்த்து நிற்கும் ஈரான் அரசே வாழ்க.'

"அந்த வரி வேணாம்ணே," என்றாள் ரேணுகாதேவி.

"ஏன் வேணாம்?"

"அங்க பஸ் டிரைவருக சங்கம் வச்சாகன்னு ஜெயில்ல போட்ட அரசுண்ணே அது. நாமளும் சங்கந்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் செய்தியைப் படித்து, பஸ்ஸில் வரும்போது அவளுக்குச் சொன்னதே நான்தான். கூட்டத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வந்தது.

"அது அந்த ஊரு சனம் தீத்துக்க வேண்டிய கணக்கு," என்றார் வீரபாண்டி. "இப்ப குண்டு விழுது. சாகுற சனம் நீ யாரு பக்கம்னு கேக்குது. யோசிச்சுச் சொல்றேன்னா சொல்லுவ?"

"குண்டு போடுறவன் ஒழிகன்னு என்னைய விடச் சத்தமா யாரு கத்துவா? அதுக்காக இவன எதுக்கு வாழ்கன்னு சொல்லணும்?"

லோடுமேன் சின்னச்சாமி குறுக்கே புகுந்தார். "நாம கத்துறது திருச்சுழிக்கே கேக்காது. ஈரானுக்குக் கேட்டுரப் போகுதாக்கும். டீயச் சொல்லுங்கப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். நான் வீரபாண்டி பக்கம் தூக்கினேன். அவர் பேச்சு சரியென்று பட்டதாலா, ஒரு தடவையாவது அவள் தோற்கட்டும் என்றா, எனக்கே தெரியவில்லை.

மறுநாள் 'ஒழிக' வரிகளை அவள் போட்ட போட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரி வந்தது. மைக்கை என்னிடம் நீட்டினாள். நான் போட்டேன். கூட்டம் முழுக்கக் கையை உயர்த்தித் திருப்பிச் சொன்னது. எத்தனையோ நாள் நான் ஏங்கிய சத்தம் அது. கேட்டு முடிக்கும் முன்பே என் கண் அவளைத் தேடிவிட்டது. கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றிருந்தாள். அந்த மூடிய வாயின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

டீக்கடையில் கேட்டேன். "ஏங்க்கா, வாழ்கன்னு வந்தா மட்டும் எனக்குத் தள்ளிவிடுற?"

"சின்னப் புள்ளையில மந்திரி வாராருன்னு பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிப் போயி, வெயில்ல நிப்பாட்டி வாழ்கன்னு கத்த விட்டாக. நாந்தான் முன்னால நின்னு கத்துனேன். அடுத்த வருசம் எங்க கண்மாய் மண்ண லாரி லாரியா அள்ளிட்டுப் போனது அவரு ஆளுகதான். இன்னும் வாயி கசக்குது புள்ள."

"அதான் என்னைய கத்த விட்டியாக்கும்."

"நீ படிச்சவ. தெரிஞ்சு கத்துவேன்னு நினைச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. "சரி, வெறும் ஒழிக போதுமா? குண்டுக்குக் கீழ நிக்கிற சனத்துக்கு நாம என்ன சொல்றது? அந்த எடத்துல என்ன வரி போடணும்? நீயே சொல்லு."

"தெரியல ஹேமா. யோசிச்சு நானே ஒனக்கு ஒரு வரி தாரேன். நீ எழுத வேணாம்."

அடுத்த மாதம் மில்லில் ஆள் குறைத்தார்கள். அவள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். இப்போது மைக் என் கையில். "ரேணுகா வரலையா?" என்றுதான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். 'ஒழிக' எல்லாம் முடிந்து கடைசி வரியின் இடம் வந்ததும் நின்றுவிடுகிறேன். பின்னாலிருந்து சின்னச்சாமி, "என்ன புள்ள, மறந்துபோச்சா?" என்கிறார்.

போன வாரமும் போன் போட்டேன்.

"அந்த வரி என்னாச்சுக்கா?"

"ஓவர்டைம் ஓடுது புள்ள. தாரேன், தராம எங்க போறேன்?"

இன்னும் தரவில்லை.