பாரிஸ்: படுக்கை ஓசி

ஐரோப்பாவில் சொந்தக்காரர் இல்லாதவன் ஹோட்டலுக்குக் காசு கட்டட்டும், நான் ஏன் கட்டவேண்டும்? குளிர்கால விடுமுறைக்கு நான் போட்ட பயணத் திட்டத்தின் முழுத் தத்துவமும் இதுதான். பாரிஸில் மாமி, ஜெர்மனியில் சித்தப்பா, சுவிஸில் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா. ஊருக்கு ஊர் மலிவு பஸ். எல்லாவற்றையும் எக்செல் தாளில் ஏற்றி, ‘படுக்கை’ என்ற வரிசை முழுக்க ‘ஓசி’ என்று நிரப்பியிருந்தேன். கூட வரவிருந்த பல்கலைக்கழகக் கூட்டாளிகள் இருவரும் என்னை ஒரு மேதையைப் போலப் பார்த்தார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இருக்கவில்லை.

லண்டன் டூட்டிங்கில் ஒரு கொத்துரொட்டிக் கடை, சனிக்கிழமை மத்தியானம். “இப்பவே புக் பண்ணிக் காட்டுறன், பாருங்கோடா” என்று பாரிஸ் மாமிக்கு ஃபோன் எடுத்தேன். அப்பாவின் தங்கை. பெருமைக்கு ஸ்பீக்கரில் வேறு போட்டேன்.

“மாமி! லண்டன் மருமகன் கதைக்கிறன். எப்பிடி இருக்கிறியள்?”

“ஆர், தம்பியோ! இருக்கிறன் ராசா. என்ன அதிசயமா எடுத்திருக்கிறாய்?”

“நத்தார் முடிய மூண்டு பேர் அங்கால வாறம் மாமி. இருபத்தேழு, இருபத்தெட்டு, ரெண்டு நாள்தான். நிலத்தில படுத்தாலும் காணும். நத்தார்ப் பலகாரத்தில எங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கோ, என்ன?”

“இந்த முறை எங்களுக்கு நத்தார் இல்லையே தம்பி.”

அப்போதுதான் உறைத்தது. மாமா செத்து இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. எங்கள் வேதக்கார வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் அடுத்து வரும் நத்தாருக்குக் கிறிஸ்மஸ் மரம் வைக்கமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். உறவுக்காரர்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நான் கொடுக்கவேண்டிய வீட்டில் கேட்டுக்கொண்டு நின்றேன்.

“இருபத்தெட்டுத்தானே மாமாவின்ர ஆண்டுப் பூசை,” என்றார் மாமி. “அதுக்கோ வாறாய்?”

“ஓம் மாமி,” என்றேன். யோசிக்கவேயில்லை. கூட்டாளிகள் இருவரும் கொத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்கள்.

“என்ர அண்ணைக்குத்தான் செத்தவீட்டுக்கு வர ஏலாமப் போச்சுது. நீ வந்தாலே காணும். பூசையில காணிக்கையை நீ பீடத்துக்குக் கொண்டு போ. மாமாவின்ர குளிர் ஜாக்கெட் ஒண்டு அப்பிடியே கிடக்கு. உனக்கு அளவா இருக்கும், எடு.” அவர் குரல் உடைந்தது. ஸ்பீக்கரை நிறுத்தக்கூட எனக்குக் கை வரவில்லை.

ஃபோனை வைத்ததும் ஒருவன், “டேய், நீ பூசைக்கோ போறாய்?” என்றான்.

“இவன் சோபாவில படுக்கவெல்லோ போறான்,” என்றான் மற்றவன். சொன்னவனே சிரிக்கவில்லை.

அவர்களுக்கு எல்லாம் தெரியும். மாமா செத்தபோது அப்பாவின் விசாக் கடதாசிகள் புதுப்பிக்கப் போயிருந்தன, அவரால் லண்டனை விட்டு அசைய முடியாது. “நீயாவது போட்டு வா” என்று என்னைக் கேட்டார். சோதினை வருகிறது, படிக்கவேண்டும் என்றேன். அந்தத் தவணையில் எனக்குச் சோதினையே இல்லை. பாரிஸில் மாமாவை அடக்கம் செய்த அன்று இதே இருவரோடு பௌலிங் விளையாடிக்கொண்டிருந்தேன். அதில் வென்றதும் நான்தான்.

வீட்டுக்குப் போனால், மாமி அப்பாவுக்கு முன்னமே சொல்லிவிட்டிருந்தார். அப்பா எனக்காகத் தன் கறுப்பு டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார்.

“அப்பா, நான் பூசைக்கெண்டு எடுக்கேல்ல. படுக்க இடம் கேக்கத்தான் எடுத்தனான்.”

“தெரியும்.” அவர் நிமிரவில்லை. “மூண்டு பேருக்குப் படுக்கை கேட்டு ஆரும் ஆண்டுப் பூசைக்குப் போறவையோ? அவளுக்கும் விளங்கியிருக்கும்.”

“பிறகேன் மாமி அப்பிடிக் கேட்டவ?”

அப்பா அயர்னை டையின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். அம்மாதான் குசினிக்குள் இருந்து, “அயர்னைத் தூக்குங்கோவன், டை எரியப்போகுது!” என்று கத்தினார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு மாமிக்குத் திரும்ப எடுத்தேன். இந்தமுறை ஸ்பீக்கர் இல்லை.

“மாமி, ஒண்டு சொல்லோணும்.”

“சொல்லு. உன்ர கூட்டாளிமார் மீன் சாப்பிடுவினமோ?”

“சாப்பிடுவினம். மாமி, செத்தவீட்டு நேரம் எனக்குச் சோதினை ஒண்டும் இருக்கேல்ல. பொய் சொன்னனான். இண்டைக்கும் பூசையை நினைச்சு எடுக்கேல்ல.”

அந்தப் பக்கத்தில் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் நிறுத்தும்வரை காத்திருந்தேன்.

“பூசை பத்து மணிக்கு,” என்றார். “பிந்தாதை.”

ஜாக்கெட்டைப் பற்றி அவர் மறுபடி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.